கடல் வந்து போன ஊர்

2020 அக்டோபர் மாதம். கொரோனா ஊரடங்கு மெல்லத் தளர்ந்துகொண்டிருந்த நேரம். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் இருக்கும் ஒரு குளத்திலிருந்து வாட்ஸ்அப்பில் சில படங்கள் கிளம்பின. மண்ணுக்குள்ளிருந்து உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள். 'டைனோசர் முட்டை கிடைச்சிருக்காம்!' என்று செய்தி பரவியது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள்.

நிலவியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, "இது முட்டை இல்லை" என்றார்கள். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. ஆனால், அவர்கள் சொன்ன இன்னொரு விஷயத்தைப் பலரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவை அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தைச் சுற்றிப் படிந்து இறுகிய வண்டல் உருண்டைகள். டைனோசர் முட்டையைவிட அதிசயமான சேதி இது. பெரம்பலூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் கிழக்கே நூறு கிலோமீட்டர் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரின் குளத்துக்குள் கடல் பிராணி எப்படி வந்தது?

பிராணி வரவில்லை. கடலே வந்திருந்தது.

கடற்கரை இல்லாத கடலோர ஊர்

பெரம்பலூரையும் அரியலூரையும் சுற்றுலாப் பட்டியலில் யாரும் முதலில் எழுதுவதில்லை. திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்தின் ஜன்னல் வழியே தெரியும் ஊர் பெரம்பலூர். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸிலும் பல்லவனிலும் போகிறவர்களுக்கு இரண்டு நிமிட ஸ்டேஷன் அரியலூர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வானம் பார்த்த பூமி, முந்திரிக்காடுகள், சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகள். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நிலவியல் மாணவர்களைக் கேட்டால் கதையே வேறு. உலகின் பல நாடுகளிலிருந்து ஆய்வாளர்கள் தேடி வரும் பழைய கடற்கரை இது.

ஒரு காலத்தில் இந்தியா, அன்டார்க்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பெரும் நிலமாக இருந்தன. அதற்கு கோண்ட்வானா என்று பெயர். அது உடைந்து பிரிந்தபோது, இன்றைய காவிரிப் படுகை இருக்கும் பகுதியில் நிலம் விரிசல் விட்டுத் தாழ்ந்தது. அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. கிரெட்டேசியஸ் காலம் என்று அழைக்கப்படும் அந்த யுகத்தில் உலகம் முழுக்கவே கடல் மட்டம் இன்றைவிட மிக உயரமாக இருந்தது. கடல் உள்ளே வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. இப்படிப் பல கோடி ஆண்டுகள்!

ஒவ்வொரு முறையும் அது விட்டுச்சென்ற சேறும் மணலும் கிளிஞ்சலும் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின. அந்த அடுக்குகளுக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயர்களைப் படித்தால், நம் ஊர் டவுன் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல இருக்கும்: ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர். உலக நிலவியல் ஆய்வேடுகளில் இந்தக் கிராமங்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக இடம்பெற்று வருகின்றன.

1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரங்களில் சேகரித்த சிப்பிகளை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை ஆராய்ந்து விவரித்தார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்ட் இந்த நிலத்தை நடந்தே அளந்து, 1862-ல் அறிக்கை வெளியிட்டார். அடுத்து வந்தவர் ஸ்டோலிச்கா. இன்றைய செக் குடியரசில் பிறந்த அவர், தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் கடல் உயிர்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். 1874-ல், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் பனிமலையில் உயிர்விட்டார். லே நகரில் அவர் கல்லறை இருக்கிறது. அரியலூர்ச் சிப்பிகளுக்குப் பெயர் வைத்த மனிதர் இமயத்தில் உறங்குகிறார்!

சாத்தனூர்: படுத்துக்கிடக்கும் மரம்

இந்தக் கடற்கரைப் பயணத்தை எங்கே தொடங்குவது? கரையிலிருந்துதான்.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது சாத்தனூர். ஊருக்கு வெளியே, ஓடை அரித்த பள்ளத்தில், வேலிக்குள் ஒரு மரம் படுத்துக்கிடக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளம். பட்டையின் வரிகள் தெரிகின்றன, கணுக்கள் தெரிகின்றன. தொட்டால்தான் கல் என்று புரியும்.

சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் இந்தப் பகுதிக்குள் வந்திருந்தது. அதன் கரை சாத்தனூருக்கும் மேற்கே 8 முதல் 10 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மேற்கேயிருந்த காட்டு மரங்கள் ஆற்று வெள்ளத்தில் சாய்ந்து, அடித்துவரப்பட்டுக் கடலில் சேர்ந்தன. கடலடிச் சேற்றில் புதைந்தவை மட்கவில்லை. மரத்தின் ஒவ்வொரு நுண்ணிய அறைக்குள்ளும் நீரில் கரைந்திருந்த சிலிக்கா புகுந்து நிறைந்தது. மரம் போனது, அதன் வடிவம் மட்டும் கல்லாக நின்றது. பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முந்தைய காலத்து மரம் இது. ஊசியிலை மரங்களின் இனம்.

1940-ல் இந்தக் கல்மரத்தை உலகுக்குச் சொன்னவர் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன். தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர். பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர். வரகூர், ஆனைப்பாடி, சாரதாமங்கலம் போன்ற பக்கத்து ஊர்களிலும் கல்மரத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சாத்தனூர் மரம் இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு விளையாட்டு விளையாடலாம். மரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை குழந்தையை நடக்கச் சொல்லி அடிகளை எண்ணச் சொல்லுங்கள். பிறகு, 'இந்த மரம் நின்ற காலத்தில் மனுஷனே கிடையாது, மாடு கிடையாது, மாம்பழமும் கிடையாது' என்று சொல்லுங்கள். பாடப் புத்தகம் செய்யாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்துவிடும்.

காரை: கடலடியில் ஒரு நடை

சாத்தனூர் கரையோரம் என்றால், காரை ஆழ்கடல். காரை - குளக்காநத்தம் சாலையோரம் நிலம் திடீரெனத் தன் தோலை உரித்துக்கொள்கிறது. செடி கொடி இல்லாத மேடுகள். மழைநீர் கிழித்த நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள். சாம்பலும் மஞ்சளும் செம்மையும் கலந்த களிமண். வெயிலில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லுபோல மின்னுகின்றன. சினிமாவில் காட்டினால் வெளிநாட்டுப் பாலைவனம் என்று நம்பிவிடுவோம்.

இந்தக் களிமண் அமைதியான கடலின் அடியில் மெல்ல மெல்லப் படிந்தது. அதற்குள் துப்பாக்கித் தோட்டா போன்ற வழவழப்பான கற்கள் கிடக்கின்றன. அவை பெலெம்னைட் எனப்படும், கணவாய் மீனின் பழைய உறவினர்களின் உள்கூடு. அம்மோனைட், சுறாப் பல், கடல் அல்லியின் துண்டு எல்லாம் இங்கே கிடைத்திருக்கின்றன. அம்மோனைட் என்பது ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்ட ஓடு கொண்ட கடல் பிராணி. நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பலவற்றுக்குள் இருக்கும் சக்கரமும் இந்த அம்மோனைட்தான். வடக்கே பூஜையறையில் இருக்கும் பிராணி, இங்கே மேய்ச்சல் நிலத்தில் கிடக்கிறது.

காரையும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால், கொட்டிக்கிடப்பதுபோலத் தெரிகிறதே என்று ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போவதுதான் காரையின் பெரிய ஆபத்து. ஒரு மழைக்கு ஒரு விரற்கடை மண் கரைந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அது காணாமல் போய்விடும்.

காரையிலிருந்து ஊட்டத்தூர் தொலைவில்லை. அது திருச்சி மாவட்டத்துக்குள் இருக்கிறது. சுத்தரத்தினேஸ்வரர் கோயிலின் ஒரே கல்லில் செதுக்கிய நடராஜரைப் பார்க்க வருகிற பக்தர்களுக்கு, அந்த ஊரின் பெயரில் ஒரு பாறைக் குடும்பமே இருப்பது தெரியாது. அதேபோலத்தான் கருடமங்கலமும். சிப்பிகளும் நத்தைகளும் நெருக்கி அடுக்கியதுபோன்ற பாறை அங்கே இருக்கிறது. மெருகேற்றினால் ஒவ்வொரு சிப்பியும் பூவேலைபோலத் தெரியும். 'திருச்சிராப்பள்ளி பளிங்கு' என்று அதற்கு வெள்ளைக்காரர் காலத்திலேயே மவுசு.

கல்லங்குறிச்சி: சிப்பியும் பெருமாளும்

அரியலூரை ஒட்டி இருக்கும் கல்லங்குறிச்சிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, தமிழகம் முழுக்கத் தெரிந்தது. கலியுக வரதராஜப் பெருமாள் கோயில். இங்கே கருவறையில் மூலவர் சிலை இல்லை. ஒரு கல் கம்பமே பெருமாள். காணாமல் போன தன் பசுவைத் தேடிப் போன ஒருவர், அது ஒரு கம்பத்தின் மேல் பாலைச் சொரிந்து நிற்பதைக் கண்டார் என்பது தலபுராணம். விவசாயிகள் தங்கள் அறுவடையின் முதல் பங்கைக் கொண்டுவந்து கொட்டும் தானியக் களஞ்சியம் கோயிலிலேயே இருக்கிறது. கால்நடையும் கழனியும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் கோயில் இது. பங்குனி, சித்திரையில் நடக்கும் திருவிழாவில் அரியலூரே திரண்டு நிற்கும்.

இரண்டாவது பெருமை மண்ணுக்குள் இருக்கிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். கடல் ஆழம் குறைந்து, வெதுவெதுப்பாக இருந்த காலத்தில் இங்கே கோடிக்கணக்கில் சிப்பிகள் வாழ்ந்தன. தலைமுறை தலைமுறையாக ஒன்றின் மேல் ஒன்று வாழ்ந்து மடிந்த அந்தச் சிப்பி மேடுகள்தான் இன்றைய சுண்ணாம்புக்கல் படுகை. பாறையை உற்றுப் பார்த்தால் உள்ளங்கை அளவு சிப்பிகள் வளைந்து வளைந்து தெரியும்.

அந்தக் காலத்தில் கடற்கரையில் கிளிஞ்சலைப் பொறுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பார்கள். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். சிமென்ட் ஆலை செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். கிளிஞ்சல்தான் கொஞ்சம் பழையது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டுப் பொடித்தால் சிமென்ட்.

அரியலூர் வட்டாரம் தமிழகத்தின் சிமென்ட் களஞ்சியம் ஆனது இப்படித்தான். தெற்கே திருச்சி மாவட்டத்தின் கல்லக்குடியில் 1939-லேயே டால்மியா ஆலை வந்தது. ஊரின் பெயர் டால்மியாபுரம் என்று மாறியதை எதிர்த்து 1953 ஜூலையில் கலைஞர் கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது அரசியல் வரலாறு. அந்த ஊரின் சுண்ணாம்புக்கல்லோ பழைய பவளப்பாறைத் திட்டு என்பது பலருக்குத் தெரியாத நிலவியல் வரலாறு. 1979-ல் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை தொடங்கியது. தொடர்ந்து தனியார் ஆலைகள் பல வந்தன.

தமிழகத்தில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எழுந்த எத்தனையோ வீடுகளின் சுவரில், பள்ளிக்கூடத்தில், பாலத்தில் அரியலூர்க் கடல் கொஞ்சம் கலந்திருக்கிறது. இந்த ஆலைகளை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. பூமிக்குள் ஒளிந்திருந்த பல படிவங்களை ஆய்வாளர்கள் கண்ணில் காட்டியதும் இதே சுரங்கங்கள்தான். ஆனால், வெட்டி எடுத்து அரைத்த சிப்பி மேடு மறுபடி வளராது. ஓர் அங்குலம் படியப் பல தலைமுறைச் சிப்பிகள் வேண்டியிருந்தது. ஒரு லாரி நிறைய அள்ளுவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

கல்லமேடு: கரைந்துபோன ராட்சதன்

இழப்பு என்றால் என்ன என்று புரிய வேண்டுமானால் கல்லமேட்டின் கதையைக் கேட்க வேண்டும்.

கடல் பின்வாங்கி, ஆறுகள் மணல் பரப்பிய கடைசிக் காலம். கரையில் டைனோசர்கள் உலவின. 1920-களிலேயே மேட்லி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இங்கிருந்து எலும்புகளைப் பற்றி எழுதினார். 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு இந்திய நிலவியலாளர்கள், கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 'பிருஹத்காயசாரஸ் மேட்லியி' என்று பெயர் சூட்டினார்கள். பிருஹத் காயம் என்றால் பேருடல். அதன் முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஓர் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! அளவு சரி என்றால், பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று அரியலூர்க்காரர்.

உலக ஆய்வாளர்கள் நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் தவித்தார்கள். 'எலும்பா, கல்மரத் துண்டா?' என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். எலும்பை எடுத்துக் காட்டினால் தீர்ந்துவிடும் சந்தேகம். காட்ட எலும்பு இல்லை. நொறுங்கும் தன்மை கொண்ட அந்த எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. 2022-ல், தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்கள் வெளியிடப்பட்டன. உலகின் மிகப் பெரிய உயிர்களில் ஒன்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது சில வரைபடங்களும் மங்கிய படங்களும்தான்.

ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் மண் பத்திரமாக வைத்திருந்ததை, கைக்கு வந்த சில ஆண்டுகளில் நாம் தொலைத்துவிட்டோம்.

சோழன் மதிலும் கீழணையும்

இந்த வட்டாரத்துக்கு இது முதல் பாடமும் இல்லை. அரியலூர் மாவட்டத்தின் கிழக்கே, ஜெயங்கொண்டத்தைத் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திர சோழன் எழுப்பிய தலைநகரம். சோழப் பேரரசு முடியும் வரை சுமார் 250 ஆண்டுகள் ஆட்சிபீடமாக இருந்த ஊர். கடல் விட்டுப்போன இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டுதான் ராஜேந்திரன் 1025-ஐ ஒட்டிக் கடல் கடந்து கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினான். கங்கை நீரை ஊற்றிய வெற்றிச் சின்னமாக அவன் வெட்டிய சோழகங்கம் ஏரி இன்றும் பொன்னேரி என்ற பெயரில் இருக்கிறது. மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது அரண்மனைச் செங்கற்சுவர்களோடு சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன.

சுமார் 55 மீட்டர் உயர விமானம், தஞ்சைப் பெரிய கோயில் கம்பீரம் என்றால் இது நளினம் என்று சொல்ல வைக்கும். சண்டேசருக்குச் சிவன் தன் கையால் பூச்சரம் சூட்டும் சிற்பத்தின் முன் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும். ஐப்பசிப் பௌர்ணமியில் பெரிய லிங்கத் திருமேனிக்கு நடக்கும் அன்னாபிஷேகத்துக்கு ஊரே திரளும். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பிடித்த கோயில் இது.

கோயிலைச் சுற்றிப் பார்ப்பவர்கள், 'இவ்வளவு பெரிய கோயிலுக்கு மதில் ஏன் இப்படிக் குறைந்து கிடக்கிறது?' என்று கேட்பதுண்டு. பதில் சில கிலோமீட்டர் தள்ளி, கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கிறது. 1836-ல் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஊர்மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்று 1855-ல் வெளியான ஒரு குறிப்பு வருத்தத்தோடு சொல்கிறது.

கீழணை வேண்டாத அணை இல்லை. அதன் தண்ணீரில் எத்தனையோ ஆயிரம் ஏக்கர் நெல் விளைந்தது, இன்றும் விளைகிறது. அணையும் வேண்டும், மதிலும் வேண்டும் என்று அன்று யாரோ ஒரு அதிகாரி நினைத்திருந்தால், கல்லை வேறு எங்காவது எடுத்திருப்பார். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி இன்று கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். சிமென்ட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த இடத்தை வெட்டாமல் விடுவது என்று யார், எப்போது முடிவு செய்வது?

கிரேக்கத்தில் ஒரு சாத்தனூர்

கிரேக்க நாட்டின் லெஸ்வோஸ் தீவில் சிக்ரி என்ற சிறிய கடலோர ஊர் இருக்கிறது. நீலக்கடல், மீன்பிடிப் படகுகள், பழைய துருக்கியர் கோட்டை. கோடையில் கடலில் குளிக்க வருகிறவர்கள் அப்படியே இன்னொன்றையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அது கல்மரக்காடு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லான மரங்கள். அவற்றில் பல இன்னும் வேரோடு நிற்கின்றன. கிரேக்க அரசு 1985-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தது. 1994-ல் சிக்ரியிலேயே அருங்காட்சியகம் அமைந்தது. இன்று அந்தத் தீவு யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்று. மீனை மட்டும் நம்பியிருந்த ஊருக்குக் கல்லும் சோறு போடுகிறது.

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸும் அப்படித்தான். கடலோரச் சிற்றூர். அங்கே மேரி ஆனிங் என்ற ஏழைப் பெண் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பாறையில் தேடியெடுத்த படிவங்கள் உலக அறிவியலையே திருப்பிப் போட்டன. இன்று அந்த ஊரின் தெருவிளக்குக் கம்பங்களில்கூட அம்மோனைட் வடிவம் சுருண்டு நிற்கிறது.

சாத்தனூர் மரம் சிக்ரி மரங்களைவிட ஆறு மடங்கு மூத்தது. அரியலூர் அம்மோனைட்டுக்கு லைம் ரீஜிஸ் அம்மோனைட்டைவிட அழகு ஒன்றும் குறைவில்லை. ஆனால், யுனெஸ்கோவின் புவிப்பூங்காப் பட்டியலில் இதுவரை இந்தியாவின் பெயர் இல்லை. நிலவியல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாப்பதற்கான மசோதாவின் வரைவை மத்திய அரசு 2022 டிசம்பரில்தான் மக்கள் கருத்துக்கு வைத்தது.

இங்கேயும் நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மண்ணில் கிடைத்த சிப்பிகள், அம்மோனைட்டுகள், கல்மரத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். பெரம்பலூரில் அம்மோனைட்டுகளுக்கென்றே ஒரு மையம் அமைந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, 'எங்க வயல்லகூட இந்த மாதிரிக் கல்லு கிடக்கு' என்று சொன்னால், அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேலி எதுவும் இல்லை.

இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால்...

கடலோர ஊர் என்றால் பறவை வேண்டாமா? அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி அந்தக் குறையைத் தீர்க்கிறது. சுமார் 454 ஹெக்டேர் பரப்பு. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரித் தண்ணீர் வந்து நிறையும் ஏரி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, இமயத்தைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்துகள் உட்பட ஆயிரக்கணக்கான பறவைகளைப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் இதற்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதிகாலையில் போவது நல்லது. கோடையில் ஏரி வற்றிவிடும்.

கொள்ளிடக் கரையில் இருக்கும் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம், இத்தாலியிலிருந்து கடல் கடந்து வந்து தமிழில் 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர் எழுப்பியது. அவர் இந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்தார். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ரஞ்சன்குடி கோட்டை. 1751-ல் வாலிகண்டபுரத்தை ஒட்டி ஆங்கிலேயர் தரப்பும் பிரெஞ்சுக்காரர் தரப்பும் மோதிய சண்டையைப் பார்த்த கோட்டை. மாலை வெயிலில் அதன் மேல்தளத்திலிருந்து பார்த்தால், பழைய கடல் இருந்த திசை முழுக்கச் சோளக்காடாக அலையடிக்கும்.

எப்படிப் போவது?

திருச்சியில் தங்கினால் இரண்டு நாள்களில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். முதல் நாள் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் கிளம்பி, கிழக்கே பிரியும் கிராமச் சாலைகளில் காரை, சாத்தனூர் பார்த்துவிட்டுப் பெரம்பலூர், ரஞ்சன்குடி. இரண்டாம் நாள் கரைவெட்டி, வாரணவாசி அருங்காட்சியகம், கல்லங்குறிச்சி, மாலையில் கங்கைகொண்ட சோழபுரம். அரியலூருக்குச் சென்னை - திருச்சி ரயில்கள் பல நின்று செல்கின்றன. பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது, பேருந்துதான். கிராமங்களுக்குப் பேருந்துகள் குறைவு என்பதால் சொந்த வண்டியோ வாடகைக் காரோ வசதி. மாசி முடிந்தால் வெயில் தாங்காது. தொப்பி, தண்ணீர், நல்ல செருப்பு அவசியம். சுரங்கக் குழிகளின் பக்கம் போகவே கூடாது. அனுமதியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

கடற்கரைக்குப் போனால் கிளிஞ்சல் பொறுக்கி வருவது நம் பழக்கம். இன்றைய கடல் நாளைக்கே இன்னொரு கிளிஞ்சலைக் கொண்டுவந்து போடும். காரையிலோ சாத்தனூரிலோ கிடக்கும் கிளிஞ்சலுக்கு அடுத்த அலை வராது. குழந்தை கையில் எடுத்துப் பார்க்கட்டும், திருப்பிப் பார்க்கட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். கடல் போகும்போது வைத்துவிட்டுப் போன இடம் அது.